முற்றத்துத் தென்னைக்குக் காவல்

வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் பழைய வீட்டு முற்றங்களிலும் நிலத்தின் விலை ஏற ஏற மரங்கள் அருகி வருகின்றன. எஞ்சியவற்றுள் வாயிலருகே நிற்கும் செவ்விளநீர்த் தென்னை கண்ணுக்கு அழகும் தாகத்துக்கு நீரும் தருவது. அத்தகைய மரம் வெளியே யாதொரு குறையுமின்றி நின்று, ஒருநாள் வட்டுச் சாய்ந்து பட்டுப்போனால், கண்ணூறு பட்டதென்று நம்மிற் சிலர் வருந்துவர். உண்மையில் மரத்தின் உள்ளிருந்து மாதக்கணக்காகத் தின்றவை சிவப்புக் கூன்வண்டின் புழுக்களாக இருத்தல் கூடும்.

இவ்வண்டு 3 அல்லது 4 சென்ரிமீற்றர் நீளமும் வளைந்த மூக்கும் உடையது. பெண்வண்டு 200க்கு மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. முட்டையிட அது நாடுவது மரத்தின் காயத்தையே. பச்சை மட்டை வெட்டிய இடம், கொடி கட்ட அறைந்த ஆணி, ஏறுவதற்குக் கொத்திய படி ஆகியவற்றிற் கசியும் சாற்றின் மணமே அதற்கு அழைப்பு. சில நாட்களில் முட்டை பொரிக்க, காலில்லாத புழுக்கள் தண்டின் மென்மையான பாகத்தைக் குடையத் தொடங்குகின்றன.

மாமரத்தின் பட்டைக்கடியில் வளர்படை உண்டு. அதன் காயம் நாளடைவில் மூடிக்கொள்ளும். தென்னைக்கு அப்படை இல்லை. அதன் தண்டிற் பட்ட காயம் ஒருபோதும் மூடுவதில்லை. ஆகவே தென்னையைக் காக்கும் முதல் வழி அதனைக் காயப்படுத்தாமையே. பச்சை மட்டையை வெட்டியே ஆகவேண்டுமெனில், தண்டிலிருந்து 4 அடி விட்டு வெட்டுக. தண்டிற் காயம் பட்டுவிட்டால் உடனே தார் பூசுக.

கூன்வண்டுக்கு வழி திறப்பது வேறொன்றும் உண்டு. கரிய காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்கும். விரிந்த ஓலை கத்தரிக்கோலால் வெட்டியதுபோற் காணப்படும். அத்துளையின் வழியே கூன்வண்டும் புகும். காண்டாமிருக வண்டு பெருகுவது எருக்குழியிலும் உக்கிய மரக்குற்றியிலும் ஆதலின், அவற்றை வளவில் நெடுங்காலம் கிடக்க விடலாகாது. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரு பங்கும் கலந்து குருத்தையடுத்த மட்டையிடுக்குகளில் இடுதல் நல்ல காவலாகும்.

தண்டிற் கபில நிறச் சாறு வடிகிறதா, மென்ற நார் வெளிப்படுகிறதா என்று அடிக்கடி பார்த்தல் வேண்டும். தண்டிற் காதை வைத்தாற் புழு மெல்லும் ஒலியும் சிலவேளை கேட்கும். அப்பொழுது கண்ட நஞ்சை ஊற்றுதல் ஆகாது. கிணறும் அருகே, இளநீர் குடிக்கும் பிள்ளைகளும் அருகே. லுணுவிலத் தென்னை ஆராய்ச்சி நிறுவகம் போன்ற இடங்களில் அறிவுரை பெறுதலே தக்கது. வட்டுச் சாய்ந்த மரத்தையோ தாமதியாது வீழ்த்திப் பிளந்து எரித்துவிட வேண்டும். இல்லையேல் அயலார் மரங்களுக்கும் கேடு.

தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழ்ந்த இவ்வண்டு 1980களில் வளைகுடா நாடுகளுக்கும், 1990களில் ஸ்பெயினுக்கும் பரவி, மத்தியதரைக் கடலோர வீதிகளை அழகுசெய்த ஈச்சமரங்கள் பலவற்றை அழித்தது. தூர தேசங்களுக்கு அதனைக் கொண்டுசென்றவை மனிதர் பெயர்த்து அனுப்பிய மரங்களே. அழகுக்கென வளர்ந்த மரத்தை விலைக்கு வாங்குவோர் அதன் தண்டை நன்கு ஆராய்ந்த பின்னரே வளவுக்குள் கொணர வேண்டும்.

தென்னை நம்மிடம் கேட்பது பெரும் செலவன்று. அடுத்த முறை கொடி கட்ட ஆணியும் சுத்தியலும் எடுக்கும்போது, மதிலில் இடமுண்டா என்று ஒருகணம் பார்ப்போமாக.