முக்தாவின் கேள்வியும் பள்ளி மேடையும்

“சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு; இதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.” பள்ளியில் சக மாணவர்களின் சீண்டலுக்கும் மிரட்டலுக்கும் ஆளாகி, மனமுடைந்து வீடு திரும்பும் பிள்ளையின் பெற்றோருக்கு முதலில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுவே. நிறம், பேச்சு, நடை, தந்தையின் தொழில், குடியிருக்கும் தெரு என எதுவும் கேலிப் பொருளாகிவிடுகிறது. கேலி செய்பவனைத் துடுக்கன் என்றும், அதற்கு ஆளாகிறவனைத் தொட்டாற்சிணுங்கி என்றும் சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததாகப் பள்ளி நிர்வாகங்கள் கருதுகின்றன. இது இரண்டு பிள்ளைகளின் குணம் பற்றிய பிரச்சினை மட்டும்தானா? இல்லை என்பதற்குப் புனே நகரத்தின் வரலாறும் நாடக மேடையும் சாட்சி.

நடிகரும் மனநல மருத்துவருமான மோகன் அகாஷேயின் முன்முயற்சியால் 1986இல் ‘கிரிப்ஸ்’ நாடகம் புனேக்கு வந்தது. 1960களின் பிற்பகுதியில் மேற்கு பெர்லினில், மாணவர் எழுச்சியின் சூழலில், ஃபோல்கர் லுட்விக் உருவாக்கிய குழந்தைகள் அரங்க மரபு அது. அதில் அரசர்களும் தேவதைகளும் இல்லை. வேலைக்குப் போகும் தாய், அதட்டும் பெரியவர்கள், விளையாட இடமில்லாத தெரு இவையே கதைகள். வயதுவந்த நடிகர்களே சிறுவர்களாக நடிக்கிறார்கள். குழந்தையின் துயரத்திற்கான காரணம் அதன் மனத்திற்குள் மட்டும் இல்லை, அது வாழும் சமூகத்தில் இருக்கிறது. ஒன்றுசேர்ந்தால் அதை மாற்ற முடியும் என்பதே இவ்வரங்கின் அடிப்படைப் பார்வை. குழந்தைக்கு நீதிக்கதை சொல்லி அனுப்பிவிடும் வழக்கமான மேடையைக் காட்டிலும் இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் நமது நாட்டில் குழந்தையின் அடையாளம் பள்ளியிலோ தெருவிலோ உருவாவதில்லை. அது பிறப்பதற்கு முன்பே முடிவு செய்யப்படுகிறது. இதை முதலில் மேடைக்கான எழுத்தாக்கியவர் புனேயைச் சேர்ந்த மகாத்மா ஜோதிராவ் பூலேதான். 1855இல் அவர் எழுதிய ‘திருதிய ரத்னா’ நாடகத்தில், உழவர் குடும்பத்துக் கர்ப்பிணிப் பெண்ணிடம் சோதிடம் சொல்ல வரும் புரோகிதர், வயிற்றிலுள்ள சிசுவுக்குக் கிரகங்களால் ஆபத்து என்று அச்சுறுத்திப் பரிகாரத்தின் பெயரால் அந்த ஏழைக் குடும்பத்தைக் கடனாளியாக்குகிறார். ஏமாற்றப்பட்டதை உணரும் கணவனும் மனைவியும் இறுதியில் எழுத்தறிவு பெறுவதற்காக இரவுப் பள்ளியை நாடுகிறார்கள். தட்சிணைப் பரிசுக் குழுவிடம் பூலே அளித்த இந்நாடகத்தை, அக்குழுவிலிருந்த பிராமண உறுப்பினர்களின் எதிர்ப்பு வெளிவராமல் தடுத்துவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது அச்சேறவில்லை.

அதே 1855இல், பூலே தம்பதியரின் பள்ளியில் படித்த 14 வயது மாணவி முக்தா சால்வே, மாங், மகர் மக்களின் துயரம் குறித்து எழுதிய கட்டுரை ‘ஞானோதயா’ இதழில் வெளியானது. வேதங்கள் தங்களுக்கு மட்டுமே உரியவை என்று பிராமணர்கள் சொல்வார்களானால், எங்களுக்கென மதநூலே இல்லை என்றாகிறது. அப்படியானால் எங்கள் மதம்தான் எது என்று அந்தச் சிறுமி கேட்டாள். பேஷ்வா ஆட்சியில் உடற்பயிற்சிக் கூடத்தின் முன்னே நடந்து சென்ற மாங், மகர் மக்களின் தலையை வெட்டி, அதைப் பந்தாகவும் வாளை மட்டையாகவும் கொண்டு விளையாடிய கொடுமையையும் அவள் எழுதினாள். ‘விளையாட்டு’ என்ற சொல்லுக்குள் எத்தகைய வன்முறை ஒளிந்திருக்க முடியும் என்பதை, பதின்பருவத்துப் பெண்ணொருத்தி 170 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டாள்.

அவளுக்குக் கற்பித்த சாவித்ரிபாயும், 1848இல் பெண்களுக்கான பள்ளி தொடங்கப்பட்டபோது 17 வயதுப் பெண்தான். பள்ளிக்குச் செல்லும் வழியில் அவர்மீது சாணியும் சேறும் கல்லும் வீசப்பட்டன. மாற்றிக்கொள்ள இன்னொரு சேலையை எடுத்துக்கொண்டே அவர் நடந்தார். வீசியவர்களுக்கு அவரோடு தனிப்பட்ட பகை ஏதுமில்லை. அவர் யார், யாருக்குக் கற்பிக்கிறார் என்பதே அவர்களின் ஆத்திரத்திற்குக் காரணம்.

இந்த வரலாற்றை கோ.பு.தேஷ்பாண்டே ‘சத்யசோதக்’ என்ற நாடகமாக எழுதினார். ஜன நாட்டிய மஞ்ச் அதனை 1992இல் இந்தியில் மேடையேற்றியது. 2012இல் அதுல் பேட்டே இயக்கத்தில் புனேயில் அது மராத்தியில் மேடையேறியபோது நடித்தவர்களில் பலர் மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களது தொழிற்சங்கமே அந்நாடகத்தின் பின்னால் நின்றது. தந்தையின் தொழிலைச் சொல்லிப் பள்ளிகளில் கேலி செய்யப்படும் பிள்ளைகளின் பெற்றோர், அந்த மேடையில் வரலாற்றின் நாயகர்களாக நின்றார்கள். அடையாளத்தின் பெயரால் சுமத்தப்பட்ட அவமானத்திற்கு இதைவிடச் சிறந்த பதில் இருக்க முடியாது.

இது மராட்டியத்தின் கதை மட்டுமல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறக்க முடியாது. சக மாணவர்களின் சாதியத் துன்புறுத்தலால் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்திய பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர், அது குறித்துப் பள்ளியில் முறையிட்டதற்காக இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். வெட்டியவர்களும் பள்ளிச் சிறுவர்களே. அந்தக் கைகளில் அரிவாள் வருவதற்கு முன்பு கேலி இருந்தது, ஏவல் இருந்தது, மிரட்டல் இருந்தது. அப்போதே தலையிட வேண்டிய சமூகம் தலையிடவில்லை.

இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அந்தந்தப் பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரைத் தலைமையாசிரியராக நியமிக்காமை உள்ளிட்ட பரிந்துரைகள் அதில் உள்ளன. அவற்றை முழுமையாக நடைமுறைப்படுத்துவது அரசின் கடமை.

பள்ளியில் சாதியைப் பற்றிப் பேசினால் பிஞ்சு மனங்களில் நஞ்சு கலந்துவிடும் என்று சிலர் ஆட்சேபிக்கிறார்கள். பிள்ளையின் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டி அனுப்பும் வீட்டில் அந்த நஞ்சு ஏற்கெனவே கலந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசாதிருப்பது துன்புறுத்துபவருக்கு மட்டுமே பாதுகாப்பு.

நாடகம் மட்டுமே அரிவாளைத் தடுத்துவிடாது. சட்டமும் நிர்வாக நடவடிக்கையும் மக்கள் இயக்கமும் அவசியம். எனினும், கேலி செய்கிற மாணவனே கேலிக்குள்ளாகிறவனின் வேடமேற்று சில நிமிடங்கள் வாழ்ந்து பார்க்கும் வாய்ப்பை எந்தச் சுற்றறிக்கையும் தராது. அரசுப் பள்ளிகளில் ஆண்டுதோறும் கலைத் திருவிழா நடக்கிறது. அதில் நாடகத்தைப் பரிசுக்கான போட்டியாக மட்டும் சுருக்காமல், ஆண்டு முழுவதும் மாணவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதி நடிக்கும் வகுப்பாக ஆக்க வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற நாடக ஆசிரியர்களை நிரந்தரப் பணியில் நியமிக்க வேண்டும். முற்போக்குக் கலைக்குழுக்களும் மாணவர், ஆசிரியர் அமைப்புகளும் இதற்காகக் குரல் கொடுப்பதோடு, பள்ளிகளுக்குள் நேரடியாகவும் செல்ல வேண்டும்.

எந்த நாடகத்திலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு முக்தா இருக்கிறாள். அந்தப் 14 வயதுச் சிறுமியின் கேள்வியை நம் ஊர்ப் பள்ளி மேடையில் நம் பிள்ளைகளே கேட்கட்டும்.