தத்துக் கொடுக்க இது யார் பெத்த பிள்ளை?

2024 கடைசியில் ஒரு செய்தி வந்தது: தமிழகத்தில் 500 அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிக்காரர்கள் தத்தெடுக்கப் போறாங்களாம். எதிர்ப்புக் கிளம்பியதும், தத்தெல்லாம் இல்லை என்று மறுத்தார் பள்ளிக்கல்வி அமைச்சர். சொல்லை வாபஸ் வாங்கலாம். செயலை? 2022 டிசம்பரிலேயே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று திட்டம் போட்டு, வேணு சீனிவாசனைத் தலைவராக்கி, கம்பெனிகளிடம் கையேந்தத் தொடங்கியாச்சு. உயிரோடு இருக்கிற அப்பன் பிள்ளையைத் தத்துக் கொடுத்தா அவனுக்கு என்ன பேர்?

கம்பெனிக்காரன் தர்மம் பண்றான்னு சொல்றவங்க கணக்கைப் பார்க்கட்டும். 2013 கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கணும். 2019-20இல் நாடு முழுக்க அப்படிச் செலவானது ஏறத்தாழ 25,000 கோடி. அதே 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். அதனால் வருஷத்துக்கு 1,45,000 கோடி இழப்பு என்று அரசே சொன்னது. மரக்காலில் அள்ளிக்கிட்டு ஆழாக்கில் அளக்கிறான். அதுக்கும் ஒரு கல்வெட்டு!

வரியா வந்தா அது நம்ம பணம். மக்கள்தொகை விகிதப்படி துணைத்திட்டத்தில் பங்கு கேட்கலாம். அதற்கு 2024இல் தமிழகத்தில் சட்டமே வந்தது. அரசு ஆள் எடுத்தா இடஒதுக்கீடு கேட்கலாம். கொடையா வந்தா இரண்டும் போச்சு. கம்பெனிச் சம்பளத்தில் பாடம் நடத்த வருகிறவருக்கு இனச்சுழற்சி கிடையாது. ஊர்த்தெருவுக்குக் கொடுத்தே, காலனியை ஏன் விட்டேன்னு கேட்டா, 'என் பணம், என் இஷ்டம்.'

சரி, செஞ்சிக்கு அந்தக் கொடையாவது வருமா? கம்பெனி இயங்குகிற வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லுது சட்டம். கம்பெனிகள் ஸ்ரீபெரும்புதூரில், ஓசூரில். எங்க செஞ்சியில் இருப்பது நெல் குவியும் கமிட்டியும் மூட்டை தூக்குகிற முதுகும்தான். 2011 கணக்கெடுப்பில், பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் நாம. சேரி அதிகம், கம்பெனி குறைவு.

ஆனா கோட்டைக்கு வரும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழகத்தில் இருப்பது செஞ்சி மட்டும்தான். தொல்சின்னத்துக்குச் செய்வதையும் சமூகப் பொறுப்புக் கணக்கில் காட்டலாம். 2018இல் டெல்லி செங்கோட்டையைப் பராமரிக்கிற பொறுப்பு, 5 வருஷம், 25 கோடி என்று டால்மியா கம்பெனி கைக்குப் போனதே! நாளைக்கு ராஜகிரிக்கு விளக்குப் போடவும் எவனாவது வருவான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையைத்தான் சொல்லுவாங்க. பக்கத்தில் நாலாவதா ஒரு சின்னக் குன்று, பேர் சக்கிலிதுர்க்கம். விளக்கு அதுவரைக்கும் எட்டுமா?

பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் கொடைக் கழிப்பறை திறந்தாங்க, போயிருந்தேன். சுவரில் ஆளுயரத்துக்குக் கம்பெனி பேர். பிள்ளைங்களை வெயிலில் நிறுத்திக் கைதட்ட வைத்தாங்க. யார் கழுவறதுன்னு கேட்டேன். 'அதை ஸ்கூல் பார்த்துக்கும்.' ஸ்கூல் எந்தத் தெருவிலிருந்து ஆள் கூப்பிடும்னு நமக்குத் தெரியாதா? கட்டடத்துக்குக் கொடை உண்டு, கூலிக்குக் கிடையாது. பேரூராட்சிக்குக் கொடுக்கிற குப்பை வண்டியும் அப்படித்தான். வண்டியில் அவன் பேர். தள்ளுகிற அக்காவுக்கு ஒப்பந்தக் கூலி.

'வர்ற பணத்தை ஏன் தடுக்கிறீங்க, புள்ளைங்க மரத்தடியில உட்காரணுமா?' என்று ஒரு மாணவத் தோழர் கேட்டார். பணம் வரட்டும் தோழர், வரியா வரட்டும். கொடையாத்தான் தருவேன்னா, பேர் போடாம கருவூலத்தில் கட்டட்டும்; எந்தத் தெருவுக்குன்னு அவன் சொல்ல வேண்டாம். பண்ணையார் கூழ் ஊத்தினப்பவும் வயிறு நிறையுதில்லன்னுதான் சொன்னாங்க. கூழ் குடித்தவனால் கூலி கேட்க முடிந்ததா?

செஞ்சி ஒன்றியத்துத் தோழர்கள் அடுத்த கிராம சபைக்குத் தீர்மானம் எழுதிக்கிட்டே போங்க. துணைத்திட்டத்தில் நம்ம காலனிக்கும் பள்ளிக்கும் போன வருஷம் எவ்வளவு வந்தது, எதுக்குச் செலவாச்சு, வாசிக்கச் சொல்லுங்க. கணக்கு இல்லைன்னா, இல்லைன்னே தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்க.