கால்பந்து டிக்கெட்டா? கதவைப் பார்த்துத் தட்டுங்க!

லண்டனுக்குப் போகிறவர்கள் இப்போதெல்லாம் பிக் பென் கடிகாரத்தையும் தேம்ஸ் நதிப் பாலத்தையும் பார்த்துவிட்டுச் சும்மா திரும்புவதில்லை. "ஒரு மேட்ச்சாவது பார்த்துட்டு வந்துடணும்" என்கிறார்கள். மகன் அங்கே படிக்கிறான், மருமகன் அங்கே வேலை பார்க்கிறார், கம்பெனி அனுப்புகிறது. போகிற காரணம் எதுவாக இருந்தாலும் பெட்டியில் அர்செனல் பனியனோ லிவர்பூல் பனியனோ கட்டாயம் ஏறிவிடுகிறது! ராத்திரி கடையைச் சாத்திவிட்டு டி.வி. முன்னால் உட்காருகிறவனுக்கு, அந்த மைதானத்தை நேரில் பார்க்க ஆசை வராதா? வரும். வரட்டும். அதில் தப்பே இல்லை.

தப்பு நடப்பது டிக்கெட் வாங்குகிற இடத்தில்!

ஆசை இருக்கிற இடத்தில் ஒரு ஆசாமி இருப்பான். நம்ம ஊர் சினிமாக் கொட்டகை வாசலில் முதல் நாள் முதல் காட்சிக்குக் காதோரம் வந்து விலை முணுமுணுத்தானே, அவனுக்கு அங்கேயும் அண்ணன் தம்பிகள் உண்டு. ஒரே ஒரு வித்தியாசம். இங்கே பிளாக்கில் வாங்கினவன், பர்ஸ் காலியானாலும் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தான். அங்கே பணமும் போகும், மேட்ச்சும் போகும்!

டிக்கெட் ஏன் கிடைப்பதில்லை?

இங்கிலாந்தின் முதல் தரப் போட்டி பிரிமியர் லீக். மொத்தம் 20 கிளப்புகள். ஒவ்வொரு கிளப்பும் ஒரு சீசனில் 38 ஆட்டம் ஆடும். அதில் சொந்த மைதானத்தில் நடப்பது 19 தான். மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் ஓல்டு டிராபோர்டு மைதானத்தில் சுமார் 74 ஆயிரம் பேர் உட்காரலாம். லிவர்பூலின் ஆன்பீல்டு, அர்செனலின் எமிரேட்ஸ் மைதானங்களில் 60 ஆயிரத்துக்கு மேல் இடம் உண்டு.

"அத்தனை ஆயிரத்துல நமக்கு ஒண்ணு கிடைக்காதா?" என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். பெரும் பகுதி சீசன் டிக்கெட்காரர்கள் கையில் இருக்கிறது. அப்பன் வாங்கினதை மகன் விடமாட்டான். அடுத்து, எதிர் அணி ரசிகர்களுக்கு ஒரு பங்கு. இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் கிளப்பில் பணம் கட்டி உறுப்பினர் ஆனவர்களுக்கு. அதிலும் பெரிய ஆட்டம் என்றால் குலுக்கல்! உறுப்பினர் ஆனவனுக்கே இந்தக் கதி என்றால், ஏதும் இல்லாமல் போய் நிற்கிறவன் கதி என்ன?

ஆக, பெரிய கிளப்பின் பெரிய ஆட்டத்துக்கு அன்றைக்குக் காலையில் கவுண்டரைத் திறந்து வைத்து வரிசையில் நிற்கிறவர்களுக்கு விற்பது என்ற பேச்சே கிடையாது. இது தெரியாமல் போகிறவர்கள்தான் ஆசாமியின் கையில் சிக்குகிறார்கள்.

கதவு மூன்றுதான்

உண்மையான டிக்கெட்டுக்கு மூன்று கதவுகள் உண்டு.

முதல் கதவு, கிளப்பின் சொந்த வெப்சைட். ஒரு தொகை கட்டி அந்த சீசனுக்கு உறுப்பினராகச் சேர வேண்டும். பிறகு குலுக்கலிலோ வரிசையிலோ கேட்கலாம். சேர்ந்துவிட்டால் டிக்கெட் உறுதி என்று அர்த்தம் இல்லை. கேட்கிற உரிமைதான் கிடைக்கும்.

இரண்டாவது கதவு, அதே வெப்சைட்டில் பல கிளப்புகள் நடத்துகிற மறுவிற்பனைப் பகுதி. சீசன் டிக்கெட்காரர் ஒருவர் அன்றைக்கு வர முடியவில்லை என்றால் தன் இடத்தைக் கிளப் மூலமாகவே விட்டுக் கொடுப்பார். கொள்ளை விலை கிடையாது. ஆட்டம் நெருங்க நெருங்க இப்படி இடங்கள் ஒன்றிரண்டாக விழும். பொறுமையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் அதிர்ஷ்டம் அடிக்கும்.

மூன்றாவது கதவு, சாப்பாடு, உபசாரம் எல்லாம் சேர்த்து விற்கிற டிக்கெட். விலை கண்ணைக் கட்டும். ஆனால் அசல்! இதைக் கிளப்பே விற்கும். இல்லாவிட்டால் கிளப் நியமித்த ஏஜெண்டு விற்பார். அந்த ஏஜெண்டின் பெயர் கிளப்பின் வெப்சைட்டில் இருக்க வேண்டும். அவர் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது.

நாலாவது கதவு என்று எவன் காட்டினாலும் அது சுவர் சார், சுவர்!

எப்படி ஏமாற்றுகிறான்?

"என்கிட்ட ரெண்டு டிக்கெட் இருக்கு. அவசரமா ஊருக்குப் போறேன். வாங்கின விலைக்கே தர்றேன்" என்று ஒரு செய்தி வரும். கூடவே டிக்கெட் படம் ஒன்று. பணத்தை அனுப்பின மறு நிமிஷம் ஆள் கம்பி நீட்டிவிடுவான். அதே படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பான்.

இன்னொரு வகை ஆளைப் பிடிப்பது கஷ்டம். இவன் வேறு ஒருத்தர் பெயரில் உள்ள உறுப்பினர் அட்டையை வாடகைக்குக் கொடுப்பான். இப்போது பல கிளப்புகளில் டிக்கெட் செல்போனுக்குள் இருக்கிறது. அதனால் செல்போனையே கையில் கொடுத்து, "ஆட்டம் முடிஞ்சதும் திருப்பிக் கொடுங்க" என்கிற கூத்தும் நடக்கிறது! உள்ளே போய்விட்டால் பிழைத்தீர்கள். வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால்? அட்டையைக் கிளப் ரத்து செய்திருக்கும். பல ஆயிரம் மைல் பறந்து போய், உள்ளே எழும் ஆரவாரத்தை வெளியே நின்று கேட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

மூன்றாவது வகை, பார்க்கப் பெரிய கம்பெனி மாதிரி இருக்கிற வெப்சைட். பளபளவென்று பக்கம், மைதானத்தின் படம், "இன்னும் 2 டிக்கெட்தான் பாக்கி" என்று மிரட்டல். அனுமதி இல்லாத இப்படிப்பட்ட வெப்சைட்டுகளின் பட்டியலைப் பிரிமியர் லீக் தானே வெளியிட்டு வருகிறது. பணம் கட்டுவதற்கு முன் அதை ஒரு தடவை பார்க்க எத்தனை நிமிஷம் ஆகும்?

சட்டம் இருக்கு, ஆனா...

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்பந்து டிக்கெட்டை அனுமதி இல்லாமல் விற்பது குற்றம். 1994-ம் ஆண்டுச் சட்டத்தின் 166-வது பிரிவு இது. கொள்ளை விலைக்கு விற்றால்தான் குற்றம் என்று இல்லை. அசல் விலைக்கு விற்றாலும் குற்றம்தான்! பாட்டுக் கச்சேரி டிக்கெட்டுக்கு அப்போது இப்படி ஒரு தடை போடவில்லை. கால்பந்துக்கு மட்டும் ஏன்?

இரண்டு அணி ரசிகர்களையும் தனித்தனியாக உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் காரணம். எந்த டிக்கெட் யார் கைக்குப் போகிறது என்று தெரியாவிட்டால், எதிர் அணி ஆள் இந்தப் பக்கம் வந்து உட்காருவான். கோல் விழுந்ததும் கைகலப்பு! எனவே இது காசு பிரச்சினை மட்டும் அல்ல, உயிர்ப் பிரச்சினை.

சட்டம் போட்டும் ஆசாமி போகவில்லை. வேறு நாட்டில் கம்பெனியைப் பதிவு செய்து, அங்கிருந்து விற்கிறான். லண்டன் போலீசின் கை அதுவரை நீளுமா?

பாரிசில் நடந்த கூத்து

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். போலி டிக்கெட்டால் நஷ்டப்படுவது அதை வாங்கினவன் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அசல் டிக்கெட் வைத்திருந்தவனும் அடி வாங்கின கதை உண்டு.

2022 மே 28. பாரிஸ் நகரத்தை ஒட்டிய ஸ்டாட் டி பிரான்ஸ் மைதானம். ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும் மோதின. வாசலில் நெரிசல். ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் தாமதம். கையில் டிக்கெட்டோடு நின்ற குடும்பங்கள் மேல் போலீசார் கண்ணீர்ப் புகை அடித்தார்கள். குழந்தைகளும் அதில் சிக்கினார்கள்.

உடனே பிரான்ஸ் உள்துறை மந்திரி டர்மனின் என்ன சொன்னார் தெரியுமா? 30 ஆயிரம் முதல் 40 ஆயிரம் ரசிகர்கள் டிக்கெட் இல்லாமலோ போலி டிக்கெட்டோடோ வந்துவிட்டார்கள் என்றார்!

கணக்கு வெளியே வந்தது. வாசல் இயந்திரத்தில் பிடிபட்ட போலி டிக்கெட் 2,589. மந்திரி சொன்னது எங்கே, இது எங்கே? இன்னொரு கணக்கும் வந்தது. அசல் டிக்கெட் வைத்திருந்தும் உள்ளே போக முடியாமல் நின்ற லிவர்பூல் ரசிகர்கள் சுமார் 2,700 பேர்! போட்டியை நடத்திய ஐரோப்பியக் கால்பந்து சங்கம் தானே ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 2023 பிப்ரவரியில் வந்த அறிக்கை, முதல் பொறுப்பு அந்தச் சங்கத்துக்கே என்று சொல்லிவிட்டது. பிறகு டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

லிவர்பூல் ஜனங்களுக்கு இந்தப் பழி புதிது அல்ல. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெப்பீல்டு நகரத்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் உயிர் போனது. அப்போதும் "டிக்கெட் இல்லாமல் வந்தவர்கள் கதவை உடைத்தார்கள்" என்றுதான் கதை கட்டினார்கள். கதவைத் திறக்க உத்தரவு போட்டவர் போலீஸ் அதிகாரி! ரசிகர்கள் மேல் தப்பு இல்லை என்று நீதிமன்ற விசாரணையில் தீர்ப்பு வர 2016 ஆகிவிட்டது. 27 வருஷம்!

அதனால்தான் சொல்கிறோம். போலி டிக்கெட் விற்கிறவன் நம் பையில் மட்டும் கை வைக்கவில்லை. ஏற்பாடு சரியில்லாத அதிகாரிகளுக்கு அவன் ஒரு சாக்கும் தயார் செய்து கொடுக்கிறான். ரெண்டாயிரம் போலி இருந்தால் போதும், அதை நாற்பதாயிரம் ஆக்கி எல்லார் தலையிலும் கட்டிவிடலாம்.

"யாவாரம்தானே?" என்பவர்களுக்கு

சிலர் கேட்பார்கள்: "கிராக்கி இருந்தா விலை ஏறத்தான் செய்யும். தக்காளி ஏறலையா? இதுல என்ன அநியாயம்?"

தக்காளிக் கடைக்காரர் மார்க்கெட்டில் விடிகாலையில் நின்று சரக்கு எடுக்கிறார். அழுகினால் அவருக்குத்தான் நஷ்டம். டிக்கெட் ஆசாமி என்ன செய்கிறான்? பத்துப் பெயரில் பொய்க் கணக்கு திறந்து, உறுப்பினருக்குக் கிடைக்க வேண்டியதை அமுக்கிக்கொண்டு, அதே உறுப்பினருக்கு ஐந்து மடங்கு விலை சொல்கிறான். இதற்குப் பெயர் வியாபாரமா?

ஆனால் கிளப்புகளும் கையைக் கழுவிவிட முடியாது. வெளியூர் அணியின் ரசிகர்களிடம் 30 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை என்று 2016-ல் பிரிமியர் லீக் கிளப்புகள் ஒன்றுகூடி முடிவு செய்தன. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. அதே மனசை இதிலும் வைக்கட்டும். மறுவிற்பனைப் பகுதியை எல்லாக் கிளப்பும் எளிதாக்க வேண்டும். காலியாகக் கிடக்கும் சீசன் டிக்கெட் இடம் தானாகவே அங்கே வரும்படி செய்ய வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் எங்கே வாங்க வேண்டும், எங்கே வாங்கக் கூடாது என்பதை முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட வேண்டும். உண்மைக் கதவு ஒளிந்து கிடந்தால், பொய்க் கதவைத் தட்டுகிறவனைக் குறை சொல்லி என்ன பயன்?

போகிறவர்கள் கவனத்துக்கு

பயணத்துக்கு முன்பே உறுப்பினராகச் சேருங்கள். ஆட்ட அட்டவணை ஜூன் மாதம் வந்துவிடும். ஆனால் டி.வி.க்காக சனிக்கிழமை ஆட்டம் ஞாயிறுக்கோ திங்களுக்கோ மாறும். தேதி உறுதியான பிறகு விமான டிக்கெட் எடுப்பது நல்லது. முடியாவிட்டால் இரண்டு மூன்று நாள் கூடுதலாகத் தங்கத் திட்டம் போடுங்கள்.

முகம் தெரியாதவனுக்கு நேராகப் பாங்குக் கணக்கில் பணம் போடாதீர்கள். கார்டில் கட்டினால், தகராறு வந்தால் பாங்கில் முறையிட ஒரு வழியாவது இருக்கும். இங்கிருந்தே பணம் அனுப்பி ஏமாந்தால், வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் மடக்க அவ்வளவு வாய்ப்பு.

பெரிய ஆட்டத்துக்குக் கிடைக்கவில்லையா? சிறிய கிளப்பின் ஆட்டம் பாருங்கள். பெண்கள் லீக் ஆட்டம் பாருங்கள். இரண்டாம் தரப் போட்டிக்குப் போங்கள். அங்கேயும் அதே புல்தரை, அதே பாட்டு, அதே ஆரவாரம். டிக்கெட்டும் சுலபம், விலையும் குறைவு.

பனியன் போட்டவன் எல்லாம் ரசிகன்தான். ஆனால் அந்த ஆசாமியிடம் பணம் நீட்டுகிற ஒவ்வொரு தடவையும், இன்னொரு ரசிகன் இடத்தைப் பிடுங்க அவனுக்கு நாமே முதல் போடுகிறோம். நாம் நீட்டாவிட்டால் அவன் கடையைக் கட்ட வேண்டியதுதான்!