கடாரம் கொண்டவன் நம் பாட்டன் அல்லன்

போன திருவிழாவுக்கு, மலேசியாவின் நெகிரி செம்பிலானில், தம்பின் பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றில், என் அக்காள் மகன் புலி போட்ட கறுப்புச் சட்டையோடு வந்து நின்றான். முதுகில் 'கடாரம் கொண்டான்' என்று எழுதியிருந்தது. "இனி எவனாச்சும் நம்மள பெண்டத்தாங்னு சொல்லட்டும் மாமா, ஆயிரம் வருசத்துக்கு முன்னாலயே இந்த மண்ண ஆண்டவங்க நாங்கன்னு சொல்வேன்" என்றான். வந்தேறி என்ற அந்தச் சொல்லை வேலையிடத்தில் அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். அந்த வலி எனக்குத் தெரியும். அதற்கு அவன் வைத்திருக்கும் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை, இன்றைய கெடாவான கடாரத்தைத் தாக்கியது. அதன் அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்தது, பொருளை வாரிக்கொண்டு போனது. அதற்கு இருபது ஆண்டு முன்பு, கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ராஜேந்திரனின் தகப்பன் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக் கொடுத்திருந்தான். உறவு கொண்டாடிய வீட்டில் புகுந்து அள்ளிய கதை இது. இதைச் சொல்லி இங்கே யாரிடம் உரிமை கேட்பது?

அந்தச் சோழநாட்டில் நம் முன்னோர் எங்கே இருந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டு, வரி நீங்கிய நிலங்களை ஊர்வாரியாகச் சொல்லும்போது ஊர்நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனியே குறிக்கிறது. தோட்டத்துக்குக் கங்காணி கூட்டிவந்தவர்களில் கணிசமானோர் அப்படிப்பட்ட சேரிகளிலிருந்து வந்தவர்கள். அரசன் பெருமையைத் தூக்கிச் சுமக்கிற பேரனுக்கு, அவன் ஆட்சியில் பாட்டி எந்தத் தெருவில் நடக்கலாம், எதில் நடக்கக்கூடாது என்பது தெரிவதில்லை. கப்பலேறி வந்த பிறகும் சாதி விடவில்லை. சாதிக்கொரு லயம் ஒதுக்கிய தோட்டங்கள் இருந்தன.

இங்கே பள்ளியில் ஐந்தாம் படிவப் பாடமாக வைத்த 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவலை எதிர்த்து 2011இல் நாம் தெருவில் இறங்கினோம். நம்மை இழிவாகக் காட்டிய பக்கங்களை எதிர்த்தது சரிதான். ஆனால் நான் போன ஒரு கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "நம்மளப் போயி பறையன்னு எழுதிட்டானே!" என்று கத்தினார். பலத்த கைதட்டல். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் தட்டவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலாய்க்காரர் ஒருவர் எழுதியதை எதிர்க்கப் போன இடத்தில், நம்மவரையே நாம் மிதித்தோம்.

யார் முதலில் வந்தது, யார் ஆண்டது என்று அளக்கிற கோல் நம்மை வெறுப்பவன் கையில் இருக்கிற கோல். அதையே வாங்கி நாமும் அளக்கிறோம். நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களின் மூதாதையர் பலர் சுமத்திராவின் மினாங்கபாவிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள். அந்த மாநிலத்தின் முதல் அரசரான யாம்துவான் ராஜா மெலேவாரே 1773இல் பாகாருயுங்கிலிருந்து வந்தவர்தான். முந்தி வந்ததுதான் கணக்கென்றால், இந்த மண்ணின் பழங்குடிகளான தெமுவான் மக்களுக்குப் பின்னால்தான் மலாய்க்காரரும் நாமும் நிற்க வேண்டும். அந்தத் தெமுவானை 'சக்காய்' என்று ஏளனம் செய்யும் தமிழ் வாய்களை நான் கேட்டிருக்கிறேன். இன்று செம்பனைக் காட்டில் குலை வெட்டும் பங்ளாக்காரனை, நம் பாட்டி குடியிருந்த அதே லயத்தில் ஒண்டியிருப்பவனை, அக்காள் மகன் என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்று எழுத எனக்குக் கூசுகிறது.

என் பாட்டி தம்பின் பக்கத்தில் முப்பது வருசம் பால்மரம் வெட்டினாள். விடியுமுன் பெரட்டுக்களம், பிறகு நிரை, மங்கு மங்காகப் பால் சேர்த்துக் காண்டா வாளியில் தூக்கி வருவாள். காண்டாக் கம்பு அழுத்தி வலது தோளில் ஏறிய காய்ப்பு சாகும்வரை கரையவில்லை. சின்ன வயதில் அக்காள் மகன் அதை விரலால் அமுக்கி விளையாடுவான்.

தம்பினுக்கான ரயில் நிலையம் மலாக்கா எல்லைக்குள், புலாவ் செபாங்கில் இருக்கிறது. அங்கிருந்து மலாக்கா நகருக்கு ஒரு கிளைப்பாதை ஓடியது. ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் அதே பாதை போடும் வேலைக்கு ஏற்றினார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை, பாட்டியின் அண்ணனும் திரும்பவில்லை. தீபாவளிக்கு அக்காள் மகன் வருகிறான். புலாவ் செபாங்குக்குக் கூட்டிப்போய், பாதை பிரிந்த இடத்தை அவனுக்குக் காட்டுவேன்.