கண் மங்கினால் முதலில் தண்ணீர்

மீன் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: “மீனுக்குக் கண்ணு வெள்ளையாயிடுச்சு, என்ன மருந்து ஊத்தலாம்?” மருந்துப் பேச்சைத் தள்ளிவையுங்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

ஒரு கண் மட்டும் மங்கியிருக்கிறதா? பெரும்பாலும் காயம்தான். கல்லில் உரசியிருக்கும், வலையில் சிக்கியிருக்கும், கூட இருக்கும் மீன் கொத்தியிருக்கும். இரண்டு கண்ணும் சேர்ந்து மங்கி, மற்ற மீன்களுக்கும் அப்படியே இருந்தால் என் சந்தேகம் தண்ணீர் மேல்தான். நம்மைப்போல மூடித் திறக்கும் இமை தங்கமீனுக்கோ கப்பிக்கோ கிடையாது. விழியின் மேற்படலம் இரவும் பகலும் தண்ணீரிலேயே ஊறுகிறது.

அடுத்து, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பனி படர்ந்த கண்ணாடிபோல மேலே புகைமூட்டம் தெரிந்தால் கோளாறு மேற்படலத்தில். மேற்பரப்பு தெளிவாக இருந்து, உள்ளே வெள்ளை மணி தெரிந்தால் அது லென்ஸில் விழுந்த புரை. முதுமையாலும் சத்துக்குறைவாலும் புரை வரும். டிப்ளோஸ்டோமம் என்ற புழுவின் குஞ்சுகள் கண்ணுக்குள் புகுந்தும் வரும். நத்தையில் வளர்ந்து, மீனுக்குள் போய், மீனைத் தின்னும் பறவையின் குடலில் முதிரும் புழு அது. திறந்த குளத்தில் வளர்ந்த மீனுக்கு வரலாம். வீட்டுத் தொட்டியில் ஒரு மீனிலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாகத் தொற்றாது. விழுந்த புரையை எந்த மருந்தை ஊற்றியும் கரைக்க முடியாது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில், கொளத்தூரில் வாங்கிவந்த தங்கமீன்கள் எல்லாவற்றுக்கும் கண் மூடாக்காகிவிட்டது. அமோனியா கிட்டில் சோதித்தோம். மஞ்சளாக இருக்க வேண்டிய சோதனைத் தண்ணீர் கரும்பச்சையானது; அமோனியா எகிறியிருந்தது. விசாரித்தால், சத்தம் தாங்கவில்லை என்று ராத்திரியில் ஃபில்டரை அணைத்துவிடுகிறார்கள். பஞ்சையும் வாரந்தவறாமல் குழாயடியில் கசக்கிப் பிழிகிறார்கள். மீன் கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கிறது. ஓடும் நீர் கொண்டுவரும் ஆக்சிஜன் இல்லாவிட்டால் அது சாகும், குளோரின் பட்டாலும் சாகும். போர் தண்ணீர் காரமாக இருந்தால் இன்னும் மோசம்: பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் அமோனியாவின் விஷப்பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும்.

அங்கே மருந்தே ஊற்றவில்லை. தினமும் கால்பங்கு தண்ணீரைக் குளோரின் நீக்கி மாற்றினார்கள், தீனியைக் குறைத்தார்கள், ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிட்டார்கள், பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினார்கள். கண்கள் மெல்லத் தெளிந்தன.

கண் பிதுங்கி, செதில் விறைத்து, மீன் தீனி எடுக்காமல் கிடந்தால் கதை வேறு. அது உடம்புக்குள் போன தொற்றாக இருக்கலாம். மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, மீன் நோய் தெரிந்த மருத்துவரைக் கேட்டு ஆன்டிபயாடிக் கொடுங்கள். நோய் இன்னதென்று தெரியாமல் பெரிய தொட்டியில் மெத்திலீன் புளூவையோ ஆன்டிபயாடிக்கையோ ஊற்றுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவும் அதில் அடிபடும், அமோனியா ஏறும், மங்கிய கண் மேலும் மங்கும்.

புதுத் தொட்டியில் நல்ல பாக்டீரியா பெருகி ஃபில்டர் பழுக்கச் சுமார் நாலைந்து வாரமாகும். கண் கெடும் ஆபத்து அப்போதுதான் அதிகம். அடுத்த முறை மீன் வாங்கப் போகும்போது மருந்து பாட்டிலை விட்டுவிட்டு அமோனியா கிட் ஒன்றை வாங்கி வாருங்கள்.