களியில் நொய் போடலாமா?

மாமியார் போட வேண்டும் என்கிறார். மருமகள் போடவே கூடாது என்கிறாள். நடுவில் கணவன் தட்டை வைத்துக்கொண்டு விழிக்கிறான்!

வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம் பல வீடுகளில் இது பழைய வழக்கு. ஆம்பூர் பிரியாணியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சண்டை போடட்டும். உள்ளூர் வீட்டுச் சண்டை கேழ்வரகுக் களியைப் பற்றியது.

நொய்க் கட்சி சொல்வது இது: முதலில் அரிசி நொய்யைக் குழைய வேகவிட வேண்டும். ஒரு பங்கு நொய்க்கு இரண்டு பங்கு மாவு. நொய் சேர்ந்தால்தான் களி மிருதுவாக இருக்கும். உருண்டை வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கும். ஆந்திராவில் ராயலசீமைக்காரர்களும் சங்கடியில் அரிசி சேர்க்கிறார்களே!

வெறும் மாவுக் கட்சி விடுமா? கர்நாடகத்தில் ராகி முத்தை என்று வெறும் மாவில்தானே உருட்டுகிறார்கள்? நொய் போட்டால் அது அரைச் சோறு, களி அல்ல என்று அடித்துச் சொல்கிறது.

இரண்டு கட்சிக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பழைய வட ஆர்க்காட்டில் மழையை நம்பிய மேட்டு நிலம் அதிகம். கேழ்வரகு குறைந்த தண்ணீரில் விளையும். அதனால் ஏழை வீட்டில் தினமும் களி. நெல்லுச் சோறு விசேஷ நாளில்தான். நொய் போடுகிற வீடு கொஞ்சம் வசதியான வீடு என்று பெயர். இன்று அரிசி ரேஷன் கடையிலேயே கிடைக்கிறது. ஆனாலும், "உங்கள் வீட்டில் நொய்க்குக் கூட வழியில்லையா?" என்று ஒரு பெண்ணின் தாய் வீட்டைக் குத்திக்காட்டும் வாய் மட்டும் மூடவில்லை. இது களியைப் பற்றிய பேச்சா? இல்லை. வந்த பெண்ணை அழ வைக்கும் பேச்சு.

உண்மையில் களிக்குக் குற்றம் ஒன்றே ஒன்று. அது கட்டி!

காய்ந்த மாவு கொதிநீரில் விழுந்ததும் அதன் மேல்பக்கம் வெந்து ஒட்டிக்கொள்கிறது. உள்ளே தண்ணீர் புகாது. உடைத்தால் வெள்ளை மாவு! இதைத் தவிர்க்க வழி உண்டு. இரண்டு கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் நீரில் முதலில் ஊற்ற வேண்டும். பிறகு மீதி மாவைக் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி போட்டு, சின்ன நெருப்பில் சிறிது நேரம் விட வேண்டும். அப்புறம்தான் கிண்ட வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. கிண்டுவதற்குக் கையில் பலம் வேண்டும். துடுப்பையே தொடாத ஆண்கள் "கட்டியாயிருக்கிறதே" என்று முகம் சுளிப்பது வேடிக்கை!

நொய் வேக நேரம் பிடிக்கும். ராணிப்பேட்டைக்கோ ஆம்பூருக்கோ விடியற்காலையில் ஷூ கம்பெனிக்கு ஓடுகிற பெண் வெறும் மாவில் கிண்டினால் அது சோம்பல் அல்ல.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டில் பேச்சு வேறு. அங்கே நொய்யைக் குறைப்பதே நல்லது. ஆனால், "கேழ்வரகுதானே" என்று மூன்று உருண்டை விழுங்குவதும் ஆபத்து. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதன் பெருமை சுண்ணாம்புச் சத்தில். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம்! தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். வளரும் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

இந்தச் சண்டை இங்கே மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோள ரொட்டியில் சர்க்கரை போடலாமா, கூடாதா என்று தலைமுறை தலைமுறையாக வாதாடுகிறார்கள். அதுவும் ஒரு காலத்தில் ஏழைகளின் சாப்பாடுதான்.

தொட்டுக்கொள்வதில் மட்டும் சத்துவாச்சாரியில் கட்சி கிடையாது. கருவாட்டுக் குழம்பு, அதில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற காய் அது. கருவாடு ஆகாதவர்களுக்குக் கீரைக் கடைசல்.

மிஞ்சிய உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடிக்கிறார்கள். அப்போது நொய் பல்லில் தட்டுப்படும். அதுதான் ருசி என்கிறார் மாமியார். மருமகள் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு சொம்பு கேட்கிறாள்!