சைலன்சர்ல கை வைக்கிறீங்களா பாஸ்?

சேந்தமங்கலத்துக்காரங்களுக்கு லாரியைப் பத்திப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனா, 'சத்தம் கெத்தா வரணும்'னு லீவுல அப்பா லாரியோட சைலன்சரைக் கழட்டி நேர் பைப் மாட்டத் துடிக்கிற தம்பிகளே, ஒரு நிமிஷம்!

உங்க ஊர்லேர்ந்து காரவள்ளி வழியா கொல்லிமலை ஏறினா, 70 கொண்டை ஊசி வளைவு. ஏறுறது இன்ஜின் பாடு. இறங்குறப்போ? அங்கதான் எக்ஸாஸ்ட் பிரேக் வேணும். புகைக்குழாய்க்குள்ள ஒரு வட்டத் தகடு. அது மூடினா புகை வெளியேற வழியில்லாம பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும், வண்டி நிதானத்துக்கு வரும். கால் பிரேக் சூடேறாம காப்பாத்துறது இதுதான். நீங்க வாசல்ல பைப் மாத்துறப்போ, தகட்டுக்கு முன்னாடி ஜாயின்ட்ல கேஸ்கெட் சரியா உக்காரலைன்னா, புகை கசிஞ்சு அந்த பிரேக்கோட பலம் குறையும். சமவெளியில வெறும் 'புஸ்'தான். மலை இறக்கத்துல?

2020-க்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 லாரின்னா இன்னும் வம்பு. நச்சுப் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட்டும் அந்த டப்பாவுக்குள்ளதான். கழட்டினா சென்சார் போட்டுக் குடுத்துடும்; இன்ஜின் இழுவை குறைஞ்சிடும். கெத்துக்கு மாத்தி, ஏத்தத்துல முக்கணுமா?

2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி சத்தம், புகை விதியை மீறினா 10,000 ரூபாய் வரை அபராதம். மூணு மாசம் லைசென்ஸும் கட். வீட்ல உக்காரப் போறது அப்பா!

துருப்பிடிச்சு ஓட்டை விழுந்துதான் மாத்துறீங்களா? ஓ.கே. அதே மாடல் சைலன்சர், புது கேஸ்கெட். நட்டெல்லாம் முதல்ல கையால மாட்டி, பைப் நேரா உக்காந்த பிறகு முறுக்குங்க. ஸ்டார்ட் பண்ணின உடனே, சூடேறும் முன்னாடி, ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி தடவுங்க. முட்டை விட்டா, மறுபடி ஸ்பேனரை எடுங்க.